தகராறு இல்லாத விஷயம்

அந்த வக்கீலுக்குப் பெற்றோர் வைத்த பெயர் நீதிமன்றத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'வாய்தா'தான். வழக்கை அடுத்த தேதிக்குத் தள்ளுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. எதிர்த்தரப்பு வராத நாளில்கூட, பழக்கதோஷத்தில் அவர் எழுந்து அவகாசம் கேட்டுவிடுவார்.

அவருடைய செல்லப்பிள்ளை, அந்த மாடி வீட்டு வழக்கு.

தந்தை இறந்ததும் இரண்டு மகன்களும் ஆளுக்கொரு உயிலோடு கிளம்பினார்கள். பெரியவன் வைத்திருந்த உயில்படி வீடு முழுக்கப் பெரியவனுக்கு. சின்னவன் வைத்திருந்த உயில்படி முழுக்கச் சின்னவனுக்கு. இரண்டும் ஒரே வாரத்தில் எழுதப்பட்டவை. பெரியவனுக்காக வாய்தா ஆஜரானார். சின்னவனுக்காக ஆஜரானவர் ஒரு குண்டு வக்கீல்.

நீதிமன்றத்தில் இந்த இரண்டு வக்கீல்களும் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள். மதியம் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள். முதல் வருடமே அவர்களுக்குள் பேசி முடித்தாகிவிட்டது. வழக்கை ஜவ்வாக இழுப்பது. அண்ணனும் தம்பியும் நொந்து நூலானதும் வீட்டை அடிமாட்டு விலைக்குத் தாங்களே வளைத்துப்போடுவது. அதனால் ஃபீஸ்கூடக் கறாராகக் கேட்பதில்லை. வீடே வரப்போகும்போது சில்லறைக்கு எதற்கு ஆசைப்பட வேண்டும்?

கூட்டுக் களவாணிகள்தான் என்றாலும், ஒருவர் கேஸ் கட்டை இன்னொருவருக்குக் காட்டியதே இல்லை. தொழில் தர்மம் என்று சொல்லிக்கொண்டார்கள். மற்றவன் தன் தலையில் மிளகாய் அரைத்துவிடுவானோ என்ற பயம்தான்.

இப்படியே பதினோரு வருடம் ஓடியது. தீர்ப்பு வரும்வரை வீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது என்று இரண்டு வக்கீல்களும் சேர்ந்து தடை உத்தரவு வாங்கியிருந்தார்கள். அண்ணன் மாடியில், தம்பி கீழே. நீதிமன்ற வாசலில் எதிரெதிரே வந்துவிட்டால் இருவரும் தரையில் துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் வாய்தாவுக்கு மனசு குளிர்ந்துபோகும்.

ஒருநாள் பெரியவன் அவருடைய அறைக்கு வந்து பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான்.

"சார், என்னால முடியல. தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. வீட்டை வித்து, வர்றதைப் பிரிச்சுக்கறோம். அவன் மூஞ்சில முழிக்காம இருந்தா அதுவே போதும்."

வாய்தாவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முகத்தை மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவர் போல வைத்துக்கொண்டார்.

"அவசரப்படாதீங்க தம்பி. நாமதான் ஜெயிப்போம். இன்னும் ஒரு ஏழெட்டு வருஷம் பொறுத்தா..."

"ஏழெட்டு வருஷமா?" பெரியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"சரி, அழாதீங்க. உங்களுக்காக அந்தக் குண்டன் கால்லகூட விழறேன். ஆனா கேஸ்ல இருந்த வீடு, நல்ல விலை போகாது. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு அம்மாங்க இருக்காங்க. பாதி விலைக்குக் கேட்டுப் பாக்கறேன்."

அந்த இரண்டு அம்மாக்களில் ஒருவர் அவருடைய மனைவி. இன்னொருவர் குண்டு வக்கீலின் மனைவி.

சமரசம் என்றதும் நீதிபதிக்கு ஏக சந்தோஷம். இரண்டே பக்கத்தில் தீர்ப்பு எழுதினார். வீடு தந்தைக்குச் சொந்தமானது என்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. ஆகவே மகன்களுக்குச் சரிபாதி. அந்தத் தீர்ப்பின் நகலை வைத்தே மறுவாரம் விற்பனை பதிவானது. மாலைக்குள் காலி செய்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, பணத்தோடு அண்ணன் ஒரு திசையிலும் தம்பி ஒரு திசையிலும் போனார்கள்.

குண்டு வக்கீலின் அறையில் காபி வரவழைத்துக் கொண்டாடினார்கள்.

"பெரியவன்கிட்டேருந்து மூலப்பத்திரத்தை வாங்கிட்டீங்கல்ல?" என்று குண்டு வக்கீல் சாவகாசமாகக் கேட்டார்.

"அவன்கிட்ட ஏது? அது உங்க ஆள்கிட்டல்ல இருக்கு?"

"என் ஆள்கிட்டயா? அண்ணன்காரன் அமுக்கி வச்சிருக்கான்னு அவன் பதினோரு வருஷமா அழுதுகிட்டிருக்கான்!"

முதல்முறையாக இரண்டு கேஸ் கட்டுகளும் ஒரே மேஜையில் அவிழ்க்கப்பட்டன. இரண்டிலுமே 'மூலப்பத்திரம்: எதிர்த்தரப்பு வசம்' என்று எழுதியிருந்தது.

வாய்தா வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு காரியத்தைத் தள்ளிப்போடாமல் ஓடினார். மாடி வீட்டு வாசலில் ஒரே ஒரு லாரி நின்றது. ஒரு பீரோவை அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். "பார்த்துடா கண்ணா, விரல் நசுங்கிடப் போகுது" என்று அண்ணன் உருகிக்கொண்டிருந்தான்.

"மூலப்பத்திரம் எங்கப்பா?" வாய்தாவுக்கு மூச்சு வாங்கியது.

பெரியவன் பீரோவை லாரியில் ஏற்றிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, வழக்கமான பணிவோடு சொன்னான்:

"அது வீட்டுக்காரர்கிட்ட இருக்கும் சார், பாவம், நீங்க வாங்கிக் குடுத்த தடை உத்தரவைக் காட்டின நாள்லேருந்து மனுஷன் வாடகை கேட்டுக்கூட இந்தப் பக்கம் வர்றதில்ல!"