ரெண்டுக்கும் ஒரே துப்பாக்கி

வெண்டல் மறுபடியும் துப்பாக்கிக் கடைக்குள் நுழைவதைப் பார்த்ததுமே கடைக்காரம்மா மார்லிஸுக்கு எரிச்சல் வந்தது. இந்தத் தடவையும் பக்கத்துப் பண்ணை ஆர்லோவைக் கூடவே இழுத்து வந்திருந்தார்.

வெண்டலுக்கு வேண்டியது ஒரே துப்பாக்கி. அக்டோபரில் சோளக்காட்டில் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி சுட அதுவேதான், வியாழக்கிழமை துப்பாக்கி கிளப்பில் குறிபார்க்கப் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடவும் அதுவேதான். வெண்டல் மாதிரி இடது கைக்காரனுக்கு ரெட்டைக் குழல்தான் தோது என்று மார்லிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். மனிதர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஒவ்வொரு துப்பாக்கியையும் எடுத்து ஆர்லோவிடம் நீட்டினார் வெண்டல். "நீ பிடிச்சுக் காட்டுடா. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

ஆர்லோ பிடித்துக் காட்டினார். கூடவே பாடமும் எடுத்தார். இது கனம், காட்டில் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தால் தோள் கழன்றுவிடும். அது ரொம்ப லேசு, தட்டு சுடும்போது உதைத்தே கொன்றுவிடும்.

மார்லிஸுக்குத்தான் மனசு கேட்கவில்லை. மே மாதச் சூறாவளி ஆர்லோவின் வீட்டையும் உள்ளே இருந்த துப்பாக்கிகளையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. சர்ச்சிலிருந்து போன உதவியை எல்லாம் அவர் திருப்பி அனுப்பிவிட்டார். இரவல் துப்பாக்கி தருகிறோம் என்றவர்களிடம், வேட்டையை விட்டாச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படிப்பட்டவரைக் கூட்டிவந்து இப்படிச் செய்வது, பசியோடு இருப்பவனைப் பந்தியில் பரிமாறச் சொல்வது மாதிரி இருந்தது.

கடைசியில், அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஒற்றைக் குழல் ஒன்று ஆர்லோவின் தோளில் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. சுவரில் மாட்டியிருந்த பாடம் செய்த வாத்தைக் குறிபார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சட்டென்று அதைக் கீழே வைத்துவிட்டார்.

"இதான் வேணும்," என்றார் வெண்டல்.

ஆர்லோவே சிரித்துவிட்டார். "கிறுக்கா உனக்கு? உன் உயரத்துக்கு இதோட பின்கட்டை குட்டைடா. இடது தோள்ல வச்சுச் சுட்டா காலித் தோட்டா மூக்குக்கு முன்னாலதான் பறக்கும்."

"என் காசு, என் மூக்கு."

இவனோடு பேசிப் பயனில்லை என்று ஆர்லோ வண்டியை எடுக்கப் போனார்.

கதவு மூடியதும் மார்லிஸ் பொரிந்து தள்ளினார். "மூளைதான் இல்ல, இரக்கமும் இல்லையா உனக்கு? எல்லாத்தையும் பறிகொடுத்து நிக்கிறவன் கையில ஒண்ணொண்ணாக் கொடுத்துப் பிடுங்குறியே. நல்லா அனுபவி. இதை வச்சு நீ ஒரு கோழிகூட அடிக்க முடியாது. திருப்பிக் கொண்டுவந்தாலும் நான் வாங்க மாட்டேன்."

"அதை அவன் காதுல விழுற மாதிரி சொல்லு," என்றார் வெண்டல். "நான் ரெண்டு வியாழக்கிழமை கிளப்புல ஒரு தட்டும் உடைக்காம நிக்கப்போறேன். அப்புறம், 'இந்தச் சனியன் எனக்கு ஒத்துவரல, கடையிலயும் திருப்பி எடுக்க மாட்டேங்குறா, சும்மா கிடந்து துருப்பிடிக்குது, நீயாவது தூக்கிட்டுப் போ'ன்னு அவன் தலையில கட்டணும்."

மார்லிஸ் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

வெளியே ஆர்லோ ஹார்ன் அடித்தார். வெண்டல் துப்பாக்கிப் பெட்டியை எடுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு உதவி பண்ணு மார்லிஸ். நான் வடிகட்டின முட்டாள்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரி. இரக்கப்பட்டவன்கிட்ட அவன் எதையும் வாங்க மாட்டான். முட்டாள்கிட்டேன்னா வாங்கிப்பான்."