கல்யாணப் போட்டோ

கோட்டையைச் சுற்றிய களைப்போடு வந்த பயணிகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்றார்கள். இருநூறு வருடப் பழைய வீட்டில் ஒரு குடும்பம் எப்படிச் சாப்பிடும் என்று காட்டுவதுதான் ஆறு மணிக் காட்சி.

அவன் சாப்பிட உட்கார்ந்தான். விக்கல் வருவதற்கு முன்பே தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள் அவள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க. மத்தியானமும் சரியா சாப்பிடல."

"நீ சாப்பிட்டியா?"

பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா உருகிப்போய்க் கணவரின் விலாவில் இடித்தாள். "கத்துக்கோங்க!"

"எல்லாம் நடிப்பும்மா."

கைடு விடுவானா? "நடிகர்களை வெச்சு ஏமாத்துற வேலையே இங்க கிடையாது சார். சுவத்துல பாருங்க, இவங்க கல்யாணப் போட்டோ. எட்டு வருஷமா இந்த மேஜையில ஒரு சண்டை நான் பார்த்ததில்ல."

கணவர் போட்டோவையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

கூட்டம் பஸ் ஏறியது. அவள் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். அவன் அதே நாற்காலியில் இருந்தான்.

"கிளம்பலாமா? நம்ம பாப்பா காத்துட்டிருப்பா," என்று கைடு அவளிடம் ஹெல்மெட்டை நீட்டினான்.

கோர்ட்டு பிரித்துவிட்ட ஜோடிக்கு இன்னும் வேலை போகாமல் இருப்பது அந்தப் போட்டோவால்தான்.

அவள் பைக்கில் ஏறிக்கொண்டாள். கைடு வாசலிலிருந்து திரும்பினான்.

"அண்ணே, போட்டோவைக் கொஞ்சம் துடைச்சு வெச்சிடுங்க. நாளைக்குப் பெரிய குரூப்பு, கிட்ட வந்து பார்ப்பாங்க."

"சரி தம்பி," என்று அவன் துணியைத் தேடினான்.