ஜோகூரில் என்ன இருக்கிறது?

"ஜோகூர்ல என்னதான் இருக்கு, ஐசே? நாலு மலை, நாற்பது மைல் டிராஃபிக் ஜாம்!"

சொல்லிவிட்டு ஏரம்பமூர்த்தி நிதானமாகத் தோசையைச் சட்னியில் தோய்த்தார். எதிரே பரமசிவத்துக்குத் தோசை உள்ளே இறங்கவில்லை. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் இருக்கிற அந்தத் தோசைக் கடையில் ஞாயிறு காலை என்றால் இந்த இரண்டு பேரும் உண்டு. ஒரே பஸ் டிப்போவில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர்கள். பரமசிவம் டிரைவர், மூர்த்தி ஆபீஸ் கிளார்க். முப்பது வருஷப் பழக்கம். ஆனால் இந்த மூன்று மாதமாக வாரா வாரம் சண்டைதான்.

பரமசிவத்தின் மகன் ரமணன் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜோகூரில் தோட்டத்தோடு வீடு வாங்கிக் குடிபோனதிலிருந்து ஆரம்பித்த சண்டை அது. கிரகப்பிரவேசத்தன்று வந்த விருந்தாளிகளுக்கு நடுவில் ரமணன், "அப்பா, வீடு பெருசு. நீங்க இங்கேயே வந்து இருந்துடலாமே" என்றான். அன்றைக்கே பரமசிவம் முடிவு செய்துவிட்டார். மனைவி ரத்தினம்மா போய் இரண்டு வருஷம். உட்லண்ட்ஸ் நாலறை வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்தது போதும்.

வீட்டை விற்கிற ஃபாரத்தில் இன்று கையெழுத்து. ஏஜெண்டு ரித்திக் பதினோரு மணிக்கு இந்தக் கடைக்கே வருவதாகச் சொல்லியிருந்தான்.

"நாலு மலையா? குனோங் பூலாய் ஏறிப் பாருங்க, அது மலை! நம்ம புக்கிட் தீமால மூச்சு வாங்குறதுக்குள்ள உச்சி வந்துடும்."

"அது போதும்லா நம்ம முழங்காலுக்கு."

"கோத்தா திங்கி அருவி மாதிரி இங்க ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். சிங்கப்பூர்ல அருவி பார்க்கணும்னா ஏர்போர்ட்டுக்குப் போகணும்! அதுல குளிக்க முடியுமா?"

"குளிக்க வீட்டுல பாத்ரூம் இருக்கு."

பரமசிவம் டம்ளரை டொக்கென்று வைத்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிரகப்பிரவேசத்துக்கு வந்து நீங்கதானே சொன்னீங்க, 'என்னா காத்து, என்னா பச்சை'ன்னு? மாசா மாசம் அருவிக்குப் போன ஆளும் நீங்கதான். இப்ப மட்டும் என்ன?"

"பார்க்கப் போறது வேற, இருக்கப் போறது வேற. இங்க கீழ இறங்கினா பஸ், ரெண்டு எட்டு வச்சா எம்ஆர்டி ரயில், எதிர்ல கிளினிக். அங்க உப்பு வாங்கக்கூட கார் வேணும். எழுபத்திரண்டு வயசுல யாரு உங்களை ஏத்திக்கிட்டுத் திரிவா?"

"என் மகன் இருக்கான்!"

மூர்த்தி தோசையைத் துண்டு துண்டாகக் கிள்ளினார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயடைத்துப் போனார் என்று நினைத்துக்கொண்டார் பரமசிவம். அடுத்து அவர் வாயிலிருந்து வந்தது பேச்சு இல்லை, கத்தி.

"எனக்குத் தெரியும் ஐசே. உங்க பையன் ஆஸ்திரேலியா போய்ப் பத்து வருஷமாச்சு. வாங்கப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டிருப்பானா? என் பையன் கூப்பிட்டுட்டான்னு வயித்தெரிச்சல். இன்னியோட சரி. இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க!"

மூர்த்தியின் முகம் ஒரு விநாடி சுருங்கியது. மெல்ல எழுந்தார்.

"முழிக்கல. ஆனா கையெழுத்து மட்டும் போடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அப்போதும் விடுகிறாரா பார்! பரமசிவத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரமணனையே கூப்பிட்டு இந்த ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொன்னால்தான் சரிப்படும். தன் போனை எடுத்தார். சார்ஜ் இல்லை. மேசை மேல் மூர்த்தியின் போன் கிடந்தது. பூட்டெல்லாம் போடத் தெரியாத மனிதர். பரமசிவம் சட்னி படாத இடது கையால் அதை எடுத்தார். ரமணனின் நம்பரைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பேசிய நம்பர்களில் அதுதான் முதலில் இருந்தது.

ஒரே மணியில் எடுத்துவிட்டான்.

"மூர்த்தி மாமா! அப்பா கையெழுத்துப் போட்டுட்டாரா? ஏஜெண்டு வந்துட்டானா?"

பரமசிவம் வாயைத் திறப்பதற்குள் அவனே படபடவென்று பேசிக்கொண்டு போனான்.

"எப்படியாவது நிறுத்துங்க மாமா, ப்ளீஸ்லா. இன்னும் கொஞ்சம் ஜோகூரை மட்டமாப் பேசுங்க. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அவர் நிஜம்னு பிடிச்சுக்கிட்டார். அவர் இங்க வந்து இருந்தா எங்களுக்குச் சரிப்படாது மாமா. நானே சொல்லிடறேன்னாலும் நீங்க விட மாட்டேங்கிறீங்க. 'பெத்த பிள்ளை வேணாம்னு சொன்னது அவர் காதுல விழக் கூடாது, திட்டுனா என்னைத் திட்டட்டும்'னு... ஹலோ? மாமா?"

பரமசிவம் போனை அணைத்தார். அது கிடந்த இடத்திலேயே, கிடந்த மாதிரியே வைத்தார். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைக் காட்ட வேண்டிய ஆள் எதிர் நாற்காலிக்காரர் இல்லை.

ஏஜெண்டு ரித்திக் ஃபைலோடு வந்து நின்றான். "சாரி அங்கிள், கொஞ்சம் லேட். சைன் பண்ணிடலாமா?"

கையைத் துடைத்துக்கொண்டே வந்த மூர்த்தி உட்காராமல் நின்றார்.

"விக்கல தம்பி" என்றார் பரமசிவம்.

"ஏன் அங்கிள்? ஜோகூர் போறேன்னு அவ்வளவு ஆசையா சொன்னீங்களே?"

"இவர் சொல்றதுதான் சரி. ஜோகூர்ல எனக்குப் பார்க்க ஒண்ணும் இல்ல."

பிறகு மூர்த்தியின் பக்கம் திரும்பி, அதே கோபக் குரலில் சொன்னார்.

"என்ன நிக்கிறீங்க? உட்காருங்க. அடுத்த ஞாயிறும் நேரத்தோட வந்து சேருங்க."