காண்டா கம்பு

"முதுக வளைக்காத. கால எட்டி வை. ம், இன்னொரு தடவை."

லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னாலிருந்து வீரம்மாவின் குரல் கேட்டதும் சன்னாசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை முடிந்து வந்தவன் முகம்கூடக் கழுவாமல் அங்கே ஓடினான்.

தண்ணீர்க் குழாயோரத்துச் சரிவில் மகள் நல்லம்மாள் நின்றாள். தோளில் குறுக்காகக் காண்டா கம்பு, அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் வாளி. பாவாடையெல்லாம் சேறு.

"ஏன்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்த புள்ளய இந்தப் பாடு படுத்துற. பெத்தவதான நீ?"

"பாலு தூக்கப் போற புள்ள பழக வேணாமா? தீபாவளி லீவுக்கு முன்னால கங்காணி ஆளெடுக்கப் போறாரு. தெரியும்ல?"

தெரியாமல் என்ன? மலாயாவில் சுங்காய்ப் பக்கத்து அந்தத் தோட்டத்தில், புது ரப்பர்க் காட்டில் பால் வெட்ட அப்போதுதான் கத்தி வைத்திருந்தார்கள். ரப்பர் பாலை ஸ்டோருக்குத் தூக்கி வரச் சின்ன ஆட்கள் வேண்டுமென்று அப்பாவு கங்காணி லயம் லயமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். லீவு விடுகிற அன்று பிள்ளைகளை வாளி தூக்க வைத்துப் பார்ப்பார். தேறின பிள்ளைக்கு அதோடு பள்ளிக்கூடம் சரி. லீவு முடிந்து மற்றப் பிள்ளைகள் பலகையைத் தூக்கும்போது இது காண்டா கம்பைத் தூக்கும். பெற்றவர்கள் மாட்டேன் என்று சொல்லிவிட முடியாது. கங்காணியை எதிர்த்துப் பேசினவன் மறுவாரமே சட்டிபானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

"இந்த லயத்துல தடங்கலில்லாம வாசிக்கிறது இவ ஒருத்திதானாம்டி. வாத்தியாரே சொன்னாரு."

"வாசிச்சா வயிறு நெறஞ்சிருமா? நீங்க போயி மேலக் கழுவுங்க."

"பழக்குறதுதான் பழக்குற, சமதரையில பழக்கேன். இந்த வழுக்குலயா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியும்லா. போங்க."

சன்னாசி போனான். வேறென்ன செய்வான்? தங்கமான மனுஷன்தான், ஆனால் வாயில் ஒன்றும் தங்காது. கள்ளுக்கடை வாசலை மிதித்தானென்றால் வீட்டில் நேற்று என்ன குழம்பு என்பதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவான். அதனால் அந்த வீட்டில் எந்த முடிவும் அவனைக் கேட்டு எடுக்கப்படுவதில்லை.

தினமும் சாயங்காலம் இதே கூத்து. லயத்துப் பிள்ளைகளெல்லாம் மத்தாப்பைப் பற்றியும் புதுச் சட்டையைப் பற்றியும் பேசித் திரிந்தன. நல்லம்மாள் மட்டும் கம்பைச் சுமந்து சரிவில் இறங்கினாள், ஏறினாள், வழுக்கி விழுந்தாள். வீரம்மா ஓடிப்போய்த் தூக்கவில்லை. "எப்படி விழுந்துருக்கப் பாரு. எந்திரி" என்று அதட்டினாள். பக்கத்து வீட்டு முத்தம்மா பொறுக்காமல், "ஏன்டி, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லயா?" என்று கேட்டும்விட்டாள். வீரம்மா வாளியை மறுபடி நிரப்பினாள்.

பெண்டாட்டியை மாற்ற முடியாது, கங்காணியையாவது கேட்டுப் பார்த்துவிடுவது என்று சன்னாசி முடிவு செய்தான். வீடு போனால் போகட்டும்.

அந்த நாளும் வந்தது. ஸ்டோர் வாசலில் கங்காணி சலவை வேட்டியோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சன்னாசி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றான்.

"அண்ணே, எம்மக படிக்கட்டும்ணே. அவளுக்குப் பதிலா நான் ரெண்டு நடை சேத்துத் தூக்குறேன்."

"உம் பொண்டாட்டி அவளப் பழக்குற பழக்கத்தத் தோட்டமே பேசுது. நீ என்னடா குறுக்க நிக்கிற? தள்ளு."

முதலில் போன இரண்டு பிள்ளைகளும் சொட்டுச் சிந்தாமல் பாலைக் கொண்டுவந்து சேர்த்தன. கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்தது நல்லம்மாள். முதுகு நிமிர்ந்திருந்தது, கால் அளந்து அளந்து விழுந்தது. எல்லாம் போச்சு என்று சன்னாசி கண்ணை மூடிக்கொண்டான்.

சத்தம் கேட்டுத் திறந்தான். நாற்காலிக்கு முன்னால் நல்லம்மாள் விழுந்து கிடந்தாள். இரண்டு வாளிப் பாலும் கங்காணியின் வேட்டியில் வழிந்துகொண்டிருந்தது.

"நாசமாப் போச்சு. இதுக்குத் தொர என்னையில்ல கேப்பாரு!" கங்காணி குதித்தார்.

வீரம்மா தலையில் அடித்துக்கொண்டு அவர் காலில் விழுந்தாள். "அண்ணே, பயத்துல விழுந்துட்டாண்ணே. இன்னும் ஒருக்காப் பாருங்கண்ணே. இத்தனை நாளாப் பழக்குனேனே!"

"ஒருக்காவும் வேணாம், மறுக்காவும் வேணாம். எத்தன வருசம் பழக்குனாலும் இது பாலு தூக்காது. பள்ளிக்கூடத்துலயே கெடக்கட்டும். கூட்டிட்டுப் போ."

வீடு வரும்வரை வீரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே நடந்தாள். சன்னாசிக்கு என்றைக்கும் இல்லாத தைரியம் வந்திருந்தது.

"நல்லாக் கேட்டுக்க. இனி எம்மக தோளுல கம்ப வச்ச, நான் பொல்லாதவனா ஆயிருவேன். லீவு முடிஞ்சா அவ பள்ளிக்கூடம் போறா. அவ்வளவுதான்."

வீரம்மா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மகளை உட்கார வைத்து, கைகாலெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"எங்கயாவது அடிபட்டுச்சா கண்ணு?"

"இல்லம்மா. நீ சொல்லிக் குடுத்த மாதிரியே கைய ஊனாம, ஒரு பக்கமாச் சாஞ்சுதான் விழுந்தேன்."