பதினேழாம் மண்டகப்படி

அவர் போனில் தங்கள் மண்டபத்தின் பட்டனை மறுபடியும் அமுக்கினார்.

மறுபடியும் மில்லுக்காரர்களின் பெட்டிதான் திறந்தது.

மூன்றாம் தடவை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஆள்காட்டி விரலைத் துண்டில் துடைத்து, நிதானமாக அமுக்கினார்.

ஏ.வி.எஸ். ரைஸ் மில். பதினாறாம் மண்டகப்படி. வருக, வருக.

போனை மருமகளிடம் நீட்டினார்.

"நம்ம வாசல்ல நின்னு கூப்பிட்டா அவன் வீட்டுக் கதவுல்லா தெறக்கு. என்னம்மா இது?"

அவள் மோர் அண்டாக்களுக்கு நடுவே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சுவாமி இன்று உச்சிப்பொழுதுக்குள் ஆற்றுக்குப் போக வேண்டும். வழியில் பதினேழு மண்டபங்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பாத்தியதை. பதினேழிலும் சுவாமி நின்றுதான் போவார். கூடவே பங்குனி வெயிலில் நடந்து வரும் சனத்துக்காக, விழாக் கமிட்டி இந்த வருஷம் போனிலேயே ஒரு மேப் போட்டிருந்தது. அதில் பதினேழு புள்ளிகள். புள்ளியைத் தொட்டால் ஒரு பெட்டி விரியும். பெட்டியில் குடும்பத்தின் பெயர். பெயருக்குக் கீழே பச்சை பட்டன். அதை அமுக்கினால் அந்த மண்டபத்தில் போன் அடிக்கும்.

மயக்கமா, தாகமா, பிள்ளையைக் காணோமா, கூப்பிடலாம்.

அந்த மேப்பைச் செய்தவள் அவருடைய மருமகள். ஒரு மாதமாக அவர் தெருத்தெருவாக நிமிர்ந்து நடந்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

மற்ற பதினாறு பட்டன்களும் தொட்டதும் கேட்டன.

அவளுடைய வீட்டுப் பட்டன் மட்டும் கேட்கவில்லை.

"பொட்டியோட அளவு எல்லாருக்கும் ஒண்ணுதான் மாமா. மத்தவங்க பேரு ஒரு வரி. நம்மளுது மூணு வரி. பட்டன் பொட்டிக்கு வெளிய போயிட்டு. கண்ணுக்குத் தெரியும், தொட்டா கேக்காது. விரல் அப்படியே அடியில இருக்க மேப்புல விழுது. அங்க மில்லுக்காரங்க புள்ளி."

மூன்று வரி. அவரே நின்று சொல்லி எழுத வைத்தது.

இராவ் சாகிப் மேகலிங்கம் பிள்ளை பௌத்திரர்,
பண்ணை நெல்லையப்ப பிள்ளை குமாரர்,
சிதம்பரதாணு பிள்ளை வகையறா.

"எழுத்தைச் சின்னதாக்கட்டா மாமா?"

"எங்க அப்பா பேரு என்ன, எறும்பு வரிசையா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு, மெதுவாக:

"அப்ப நமக்கு மட்டும் பட்டனை எடுத்துருவோமா? பேரு அப்படியே நிக்கும்."

அவர் அண்டா விளிம்பில் கை ஊன்றினார்.

அண்டாவில் மோர் ஆடி அடங்கியது.

இந்த மண்டபத்தில் கேட்டு, இல்லை என்ற சொல்லை வாங்கிக்கொண்டு போனவன் கிடையாது. கலவர வருஷத்தில்கூட, ஊரே கதவடைத்த அன்று, அப்பா தனியாக நின்று மோர் ஊற்றினார்.

பெயரை வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் பேசாத வாசலா?

"எம் பேரை எடு" என்றார்.

எடுத்தாள். அவர் அமுக்கினார். பட்டனின் மேல்பாதி கேட்டது. கீழ்ப்பாதியைத் தொட்டால் ரைஸ் மில்.

"வெயில்ல வாரவன் மேல்பாதி கீழ்ப்பாதி பாத்தா தொடுவான்?"

அவள் காத்திருந்தாள். விசைப்பலகையின்மேல் அவள் விரல்கள் அசையவில்லை.

அவர் முதுகு நேராயிற்று.

"அப்பா பேரையும் எடு."

எடுத்தாள். பட்டன் முழுசாக உள்ளே வந்து உட்கார்ந்தது.

"போதும் மாமா. தாத்தா பேரு இருக்கட்டும். எடம் இருக்கு."

"அப்பாவை வெளிய நிறுத்திட்டு தாத்தாவுக்கு நாற்காலியா? நல்லாருக்கே நீ வீடு நடத்துத லட்சணம்." அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். "அவரு பேரு அந்தா, கல்லுல இருக்கு. அதை யாரு எடுக்க?"

அவள் அதையும் எடுத்தாள்.

"வெறும் பொட்டியா நிக்கே மாமா."

"மோர் உண்டுன்னு போடு."

போட்டாள். இரண்டே சொற்கள். கீழே அகலமாகப் பச்சை. எந்தக் கட்டைவிரலும் தவறாது.

"பதினாறு பேரும் பேரு போட்டிருக்காங்க" என்றாள். "நாம மட்டும்தான்..."

"போடட்டும். புதுசா வந்தவங்க, போட்டாத்தான தெரியும்."

அவள் மாற்றத்தை மேப்புக்கு அனுப்பினாள். திரையில் ஒரு சுழல் சுற்றி நின்றது.

அவர் மேல்துண்டை உதறி மடித்துத் தோளில் போட்டார். செம்பை எடுத்து அண்டா விளிம்பில் கவிழ்த்து வைத்தார். வாசலுக்கு வந்து நின்றார். தெருமுனையில் முதல் கூட்டத்தின் புழுதி தெரிந்தது.

சட்டைப்பையில் போன் அடித்தது.

தெரியாத எண்.

இரண்டு முறை ஒலிக்கவிட்டு எடுத்தார்.

பெண்குரல். வெளியூர்ப் பேச்சு. மூச்சு இரைத்தது.

"மோர் உண்டுன்னு போட்டிருக்குங்க. நெசமாவே இருக்குங்களா?"

"இருக்கு."

"பேரே போடலீங்களே. யாருங்க பேசறது?"

மூன்று வரிகளும் நாக்கு நுனிக்கு வந்து வரிசையாக நின்றன.

மருமகள் தலைநிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தன பேரு வாரீங்க?" என்று கேட்டார்.