குலவைக்குக் காத்திருக்கும் வயல்

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, உழுது நீர் கட்டிய வயலில் காலை வெயில் பளபளக்கிறது. வங்காளத்திலிருந்து வந்த ஆட்கள் கையில் நாற்றுமுடியோடு நிற்கிறார்கள். இவர்கள் நடும் வேகத்தில் தவளைகளுக்கு வீடு மாற்றக்கூட நேரம் கிடைப்பதில்லை, நானே பார்த்திருக்கிறேன். வரப்பில் உள்ளூர் நடவுப் பெண்கள், வேலை பறிபோன முகத்தோடு அந்த ஆட்களின் விரல்களையே சந்தேகமாகப் பார்க்கிறார்கள். பெண்கள் குலவையிடாமல் இந்த ஊரில் நடவு தொடங்குவதில்லை. “அம்சம், குலவைய மட்டும் போட்டுடு,” என்கிறார் நிலக்காரர் உத்திராபதி, வரப்பில் முன்னால் நிற்பவளிடம். “நடவையும் குடுங்க, போடுறோம்.” “அவங்க பாதிக் கூலிக்கு நடுறாங்களே.” “மோட்டார் கொட்டாயில படுத்துக் கெடக்குறாங்க, பாவம். அவங்களுக்கு இங்க ரேஷன் கார்டு இல்ல, எங்களுக்கு வேலை இல்ல. உங்களுக்கு மட்டும் ரெண்டுலயும் லாபங்க.” அம்சம் வாயை இறுக மூடிக்கொள்கிறாள். மற்ற பெண்களும் மூடிக்கொள்கிறார்கள். உத்திராபதி வானத்தைப் பார்க்கிறார். அப்போது மீசை நரைத்த வங்காளத்துக்காரர் ஒருவர் நாற்றுமுடியைக் கீழே வைத்துவிட்டு, வாயருகே கையைக் குவித்து நாக்கைச் சுழற்றுகிறார். அச்சு அசல் நம்மூர்க் குலவை. “எங்க ஊர் கல்யாணம், அம்மா எல்லாம் இப்படி,” என்று தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுக் குனிந்து நடத் தொடங்குகிறார். அம்சம் அவர் வாயையே பார்த்துக்கொண்டு பக்கத்திலிருப்பவளிடம் கேட்கிறாள்: “இத எப்படி நம்மகிட்டேருந்து எடுத்தான்?”