பத்து நிமிடம் முந்தி

தன் வீட்டுக் கடிகாரத்தைப் போலவே, அவனியாபுரம் பட்டறையில் வருகை பதியும் லினக்ஸ் கணினியிலும் முதலாளி நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டி வைத்திருந்தார். திங்கட்கிழமை, சுருளி அண்ணன் லேத்தில் நிற்கும்போதே, அவர் 4.10-க்கு வெளியேறியதாக அது பதிந்தது. பத்து நிமிடம் கழித்து டீ குடிக்கப் போனவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

புதன்கிழமை, ஆபீஸ் வேலை பார்க்கும் முத்துமீனா கணினியைத் திறந்தாள். நேர மண்டலம் இந்திய நேரத்துக்கான கொல்கத்தா என்று சரியாகவே இருந்தது. கடிகாரத்தை இணையத்தோடு பொருத்தி, கணினியை அணைத்து மறுபடி போட்டாள். அவள் செல்போனில் மணி 11.42. திரையில் மறுபடியும் 11.52. கீழே, 'முத்துமீனா, வெளியேறினார்.'

"யா அல்லா!" என்றாள் பக்கத்து மேஜை சனோபர். "சுருளி அண்ணனுக்கும் இப்படித்தானடி வந்துச்சு. வீட்டுக்கு ஓடிரு."

"போனாத்தான அது சொன்னது பலிக்கும்? இம்புட்டூண்டு பெட்டி சொல்லி நான் போகணுமா? போக மாட்டேன்."

"அப்ப நானும் போகல." சனோபர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

செல்போனில் 11.52 ஆனது. கணினியோடு இணைத்திருந்த கைரேகைக் கருவியின் பக்கத்தில் யாருமில்லை. அது "நன்றி" என்றது. அதன் கண்ணாடியில் ஈரமான கட்டைவிரல் தடம்.

சனோபர் எட்டிப் பார்த்தாள். "மீனா, வாசல்ல உன் செருப்பக் காணோம்டி."

"போனவ போட்டுட்டுப் போகட்டும். நான் இங்கதான் இருக்கேன்."

முத்துமீனா வெறுங்காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, நேரத்தை மறுபடியும் சரிசெய்யத் தொடங்கினாள்.